கம்பியில் உள்ள கிருமியும் கையில் உள்ள பொறுப்பும்

ஓடும் ரயிலில் நின்றுகொண்டு பயணம் செய்பவர் விழாமல் இருப்பதற்காக ஒரு கம்பியைப் பிடிக்கிறார். அவர் இறங்கிய பின் அதே இடத்தை இன்னொருவர் பிடிக்கிறார். அவருக்குப் பின் மற்றொருவர். பொழுது சாய்வதற்குள் அந்த ஒரு சாண் இரும்பின் மீது எத்தனை கைகள் பட்டிருக்கும் என்று எவராலும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. முன்பின் அறியாத மனிதர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே, கைகொடுத்துக் கொள்கிறார்கள் என்று இதைச் சொல்லலாம்.

கைகள் இப்படிச் சந்திக்கும்போது கிருமிகளும் கைமாறுகின்றன. அவற்றுள் சில, மருந்துக்கு அடங்காத கிருமிகள். பெரிய நகரங்களின் ரயில் கம்பிகளிலும், கதவுப் பிடிகளிலும், படிக்கட்டுக் கைப்பிடிகளிலும் இத்தகைய கிருமிகள் இருப்பதாக விஞ்ஞானிகள் கண்டறிந்து எழுதி வருகிறார்கள். இச்செய்தியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினராக இருக்கிறார்கள். ஒரு சாரார் கம்பியைத் தொடவே அஞ்சுகிறார்கள். மற்றொரு சாரார், "இதெல்லாம் எப்போதும் உள்ளதுதானே" என்று அலட்சியமாகப் போய்விடுகிறார்கள். இரண்டுமே சரியான வழியல்ல. உண்மை என்ன, அதில் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை இப்பாடத்தில் முறையாகப் பார்ப்போம்.

கிருமிகள் எல்லாம் பகைவர்களா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். நுண்ணுயிர்கள் யாவும் நோய் தருபவை அல்ல. நம் தோலிலும், வாயிலும், குடலிலும் கோடானு கோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. குடலில் உள்ளவை உணவு செரிக்க உதவுகின்றன. தோலில் உள்ளவை வேறு தீய கிருமிகள் வந்து குடியேறாதபடி இடத்தை அடைத்துக் கொண்டு காவல் நிற்கின்றன. ஆகவே ஒரு கம்பியைத் துடைத்துப் பார்த்து அதில் நுண்ணுயிர் இருந்தது என்று சொன்னால் அதில் வியப்பில்லை. மனிதன் கை பட்ட இடத்தில் மனிதனுடைய தோலில் உள்ளவை இருக்கத்தான் செய்யும்.

ஆனால் நேற்று வரை சாதுவாக இருந்த நுண்ணுயிரே இடம் மாறினால் தீங்கு செய்யும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி மூன்று பேரில் ஒருவருடைய மூக்கினுள் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் இருந்து வருகிறது. அதுவே அறுவைச் சிகிச்சைப் புண்ணிலோ, இரத்தத்திலோ புகுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அப்போது நமக்குக் கை கொடுப்பது ஆண்டிபயாடிக் மருந்து. அந்த மருந்துக்கும் அந்தக் கிருமி அடங்கவில்லை என்றால் டாக்டர் என்ன செய்வார்? இதுதான் இன்று உலகத்தின் முன் உள்ள கேள்வி.

அடங்காமை எப்படி உண்டாகிறது?

ஆண்டிபயாடிக் மருந்து கிருமியின் உடலில் ஏதேனும் ஒரு முக்கியமான பாகத்தைத் தாக்குகிறது. பெனிசிலின், கிருமி தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் சுவரைக் கட்ட விடாமல் தடுக்கிறது. டெட்ராசைக்ளின், கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்ள விடாமல் தடுக்கிறது. கிருமிகளோ இதற்கு மூன்று விதமாக எதிர்வழி தேடுகின்றன. மருந்தையே உடைத்துப் போடும் பொருளைச் சுரப்பது ஒன்று. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துக் கொட்டிவிடுவது மற்றொன்று. மருந்து தாக்கும் பாகத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்வது மூன்றாவது.

இந்த வித்தை எல்லாக் கிருமிகளுக்கும் இருப்பதில்லை. கோடிக் கணக்கான கிருமிகளில் ஏதோ ஒன்றிரண்டுக்குத் தற்செயலாக அமைந்துவிடுகிறது. மருந்து வரும்போது மற்றவை மடிகின்றன. இவை மட்டும் தப்புகின்றன. போட்டியாளர்கள் எல்லாரும் ஒழிந்த இடத்தில் தப்பியவை பெருகுகின்றன. வசதியான சூழ்நிலையில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும் என்றால், ஓர் இரவுக்குள் என்ன ஆகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இன்னும் ஒரு விஷயம் உண்டு. அடங்காமைக்கான குறிப்பை ஒரு கிருமி தன் சந்ததிக்கு மட்டுமல்ல, பக்கத்தில் உள்ள வேறு இனக் கிருமிக்கும் கொடுக்க முடியும். வயிற்றுக்கடுப்புக் கிருமிக்கும் குடலில் சாதாரணமாக வாழும் கிருமிக்கும் இடையே இப்படிக் கொடுக்கல் வாங்கல் நடப்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1959இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே, நோய் தராத சாதுக் கிருமியிடம் இந்தக் குறிப்பு இருந்தாலும் அதை அலட்சியம் செய்வதற்கில்லை. அது நாளைக்கு ஒரு கொடிய கிருமிக்குக் கொடுத்துவிடக் கூடும்.

மருந்தைக் கண்டவரே எச்சரித்தார்

பெனிசிலினை 1928இல் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் பிளெமிங். அதற்காக 1945இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. பரிசு பெற்ற சபையிலேயே அவர் ஓர் எச்சரிக்கையும் செய்தார். பெனிசிலினை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கும் காலம் வரலாம். அறியாதவர்கள் போதாத அளவில் அதைச் சாப்பிட்டுத் தங்கள் உடலில் உள்ள கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடுவார்கள் என்பது அவருடைய கவலை.

இதை விளக்க ஒரு கற்பனைக் குடும்பத்தையும் அவர் எடுத்துக் காட்டினார். கணவனுக்குத் தொண்டை வலி. அவர் தாமாகவே பெனிசிலின் வாங்கிச் சாப்பிடுகிறார். அளவு போதவில்லை. கிருமிகள் சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டன. அந்தக் கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. அவருக்கு நிமோனியா காய்ச்சல் வருகிறது. இப்போது பெனிசிலின் கொடுத்தும் பலிக்கவில்லை. மனைவி இறந்து போகிறார். இந்த மரணத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, மருந்தை அலட்சியமாகக் கையாண்ட கணவனே என்று விடையும் சொன்னார் பிளெமிங்.

இக்கதையில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தவறு செய்தவர் பிழைத்துக்கொண்டார். உயிர் போனது பக்கத்தில் இருந்தவருக்கு. அன்று அந்தப் பக்கத்தில் இருந்தவர் ஒரே வீட்டில் வாழ்ந்த மனைவி. இன்று அவர் ஒரே பெட்டியில் ஒரே கம்பியைப் பிடித்து நிற்கும் முன்பின் தெரியாத பயணியாகவும் இருக்கலாம்.

ஹாங்காங் ரயில் சொல்லும் பாடம்

காயல்பட்டினத்தார் பலர் தொழில் நிமித்தம் வாழ்ந்து வரும் ஹாங்காங் நகரம் நம் வாசகர்கள் பலருக்கும் தெரிந்த ஊர். அந்நகரின் மெட்ரோ ரயில்களில் நாள்தோறும் நாற்பது லட்சத்துக்கும் அதிகமானோர் பயணம் செய்கிறார்கள். அந்த ரயில்களை வைத்து ஹாங்காங் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஓர் ஆய்வு நடத்தி 2018இல் வெளியிட்டார்கள்.

அவர்கள் செய்தது எளிய காரியம். தொண்டர்கள் தங்கள் கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டார்கள். பிறகு ரயிலில் ஏறி, மற்றப் பயணிகளைப் போலவே கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பயணம் செய்தார்கள். இறங்கியதும் அவர்களுடைய உள்ளங்கையில் ஒட்டியிருந்த நுண்ணுயிர்களைத் துடைத்தெடுத்து ஆராய்ந்தார்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று, நகரின் எட்டு ரயில் வழிகளிலும் இதைச் செய்தார்கள்.

காலையில் ஒவ்வொரு வழிக்கும் தனித்தன்மை இருந்தது. கடலோரமாகச் செல்லும் வழியில் கிடைத்த நுண்ணுயிர்கள் வேறு. மற்ற வழிகளில் கிடைத்தவை வேறு. மாலையில் இந்த வேறுபாடு மங்கிவிட்டது. நாள் முழுதும் மக்கள் வழி மாறி வழி ஏறி இறங்கியதில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன.

மருந்துக்கு அடங்காமையைத் தரும் மரபுக் குறிப்புகளும் அவ்வாறே கலந்தன. ஷென்சென் நகரின் எல்லை வரை செல்லும் கிழக்கு ரயில் வழியில் காலையில் இத்தகைய குறிப்புகள் மிகுதியாகக் காணப்பட்டன. மாலையிலோ, அவற்றில் சில நகரத்தின் மற்ற வழிகளிலும் காணப்பட்டன. டெட்ராசைக்ளின் மருந்துக்கு எதிரான குறிப்புகளும் அவற்றுள் அடங்கும். டெட்ராசைக்ளின் மனிதருக்கு மட்டும் தரப்படும் மருந்தல்ல. பன்றி, கோழி முதலிய பிராணிகளை வளர்க்கும் பண்ணைகளிலும் ஏராளமாகப் பயன்பட்டு வந்த மருந்து. ஆக, எங்கோ ஓரிடத்தில் மருந்து தாராளமாகக் கையாளப்படுவதன் விளைவு, எங்கோ ஒரு ரயிலில் ஏறி, மாலைக்குள் நகரம் முழுவதும் சுற்றி வந்துவிட முடியும்.

அதே ஆய்வில் ஆறுதலான செய்தியும் உண்டு. கைகளில் கிடைத்தவற்றில் மிகப் பெரும்பாலானவை மனிதத் தோலில் இயல்பாக வாழும் சாதுவான நுண்ணுயிர்களே. நோய் தரக்கூடியவை மிகச் சிறிய பங்குதான்.

மற்ற நகரங்களில் கண்டவை

லண்டன் மாநகரில் பலருடைய கை அடிக்கடி படும் இடங்களைத் துடைத்து ஆராய்ந்தார்கள். ஆஸ்பத்திரிகளில் பொதுமக்கள் வந்து போகும் பகுதிகளும், ஆஸ்பத்திரிக்கு வெளியே மக்கள் கூடும் பொது இடங்களும் அதில் சேர்ந்திருந்தன. 2019இல் வெளிவந்த அந்த ஆய்வில், 11 இனங்களைச் சேர்ந்த 600 ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகள் சோதிக்கப்பட்டன. அவற்றில் ஏறக்குறையப் பாதி, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அடங்காதவையாக இருந்தன. ஆஸ்பத்திரியின் பொது இடங்களில் இத்தகையவை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், வெளியிடங்களிலும் குறைவில்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இதற்கு மாறாகக் கண்டார்கள். அந்நகரின் ரயில் இருக்கைகள், கம்பிகள், தொங்கும் பிடிகள், டிக்கெட் எந்திரங்களின் தொடுதிரைகள் ஆகியவற்றை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட அறிக்கையில், மருந்துக்கு அடங்காமையின் அறிகுறிகள் குறைவாகவே இருந்தன என்று எழுதினார்கள். பிறகு 60 நகரங்களில் 4,728 மாதிரிகள் எடுத்து நடத்திய பேராய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. அதில் அடங்காமைக் குறிப்புகள் பரவலாகக் காணப்பட்டன. ஆயினும் அவற்றின் அளவு நகரத்துக்கு நகரம் பெரிதும் வேறுபட்டது.

இதிலிருந்து நாம் அறிந்துகொள்வது யாது? கம்பி எல்லா ஊரிலும் கம்பிதான். பிடிக்கும் கையும் எல்லா ஊரிலும் கைதான். அப்படியிருந்தும் ஓர் ஊரில் அதிகம், ஓர் ஊரில் குறைவு என்றால், இதற்குக் காரணத்தைக் கம்பிக்கு வெளியிலும் தேட வேண்டும்.

விளைநிலம் எது?

ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி உலர்ந்த பரப்பின் மீது ஒரு வாரம் முதல் ஏழு மாதம் வரை கூட உயிரோடு இருக்கக் கூடும் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் உயிரோடு இருப்பது வேறு, பெருகுவது வேறு. காய்ந்த இரும்புக் கம்பியில் ஈரமும் இல்லை, உணவும் இல்லை. அங்கே கிருமி பெருகுவதற்கு வழியில்லை. அங்கே ஆண்டிபயாடிக் மருந்தும் இல்லை. ஆகவே அடங்காத கிருமியைப் பொறுக்கி வளர்க்கும் வேலையும் அங்கே நடப்பதில்லை.

அந்த வேலை நடப்பது வேறிடங்களில். தேவையில்லாமல் மருந்து சாப்பிட்ட மனிதனின் குடலில் நடக்கிறது. ஆஸ்பத்திரியில் நடக்கிறது. தீவனத்தோடு மருந்து கலந்து போடும் பண்ணையில் நடக்கிறது. மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவு கலக்கும் நீர்நிலையில் நடக்கிறது. இவை விளைநிலங்கள். ரயில் கம்பியோ வெறும் சந்தை. விளைந்தது அங்கே வந்து கைமாறுகிறது. சந்தையை மட்டும் கூட்டிப் பெருக்கிவிட்டு விளைநிலத்தை அப்படியே விட்டுவிட்டால் பயன் என்ன?

ஆகவே நம் கடமையும் இரண்டாகப் பிரிகிறது. சந்தையில் கைமாறுவதைக் குறைப்பது ஒன்று. விளைநிலத்தில் விளையாமல் தடுப்பது மற்றொன்று.

முதற் கடமை: கை கழுவுதல்

மருந்துக்கு அடங்காத கிருமி என்றதும், அது சோப்புக்கும் அடங்காது என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறான எண்ணம். மருந்து கிருமியின் ஒரு பாகத்தைக் குறி பார்த்துத் தாக்குகிறது. அந்தக் குறியைக் கிருமி மாற்றிக்கொள்ளலாம். சோப்போ எண்ணெய்ப் பிசுக்கையும் அழுக்கையும் அவற்றோடு ஒட்டிய கிருமியையும் தோலிலிருந்து பெயர்த்துத் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. மருந்துக்கு அடங்கும் கிருமி, அடங்காத கிருமி என்ற வேற்றுமை சோப்புக்குக் கிடையாது.

லண்டனில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. இருபது தொண்டர்கள் பொது இடங்களில் உள்ள கதவுப் பிடிகளையும் கைப்பிடிக் கம்பிகளையும் வேண்டுமென்றே தொட்டுக் கைகளை அசுத்தப்படுத்திக் கொண்டார்கள். பிறகு சில வேளைகளில் கழுவாமலும், சில வேளைகளில் வெறும் தண்ணீராலும், சில வேளைகளில் சாதாரண சோப்பும் தண்ணீரும் கொண்டும் கழுவினார்கள். மொத்தம் 480 மாதிரிகள். கழுவாத கைகளில் மலத்திலிருந்து வரக்கூடிய கிருமிகள் 44 சதவீதத்தில் இருந்தன. வெறும் தண்ணீரால் கழுவியபோது இது 23 சதவீதமாகக் குறைந்தது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவியபோது 8 சதவீதமாகக் குறைந்தது. அதுவும் எப்படிக் கழுவ வேண்டும், எவ்வளவு நேரம் கழுவ வேண்டும் என்று யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

நாள்தோறும் ஐவேளை ஒளு செய்யும் நம்முடைய வாசகர்களுக்கு இவ்வாய்வில் சிந்திக்க வேண்டிய செய்தி இருக்கிறது. ஒளு என்பது தொழுகைக்கான தூய்மை. அதை ஒரு மருத்துவ முறையாக மட்டும் எடைபோடுவது பொருந்தாது. ஆயினும் அதன் வரிசையைக் கவனியுங்கள். முதலில் இரு கைகளையும் மணிக்கட்டு வரை மூன்று முறை கழுவுகிறோம். அதன் பிறகே அந்தக் கையில் தண்ணீரை ஏந்தி வாய் கொப்பளிக்கிறோம். மூக்குக்குத் தண்ணீர் செலுத்துகிறோம். அப்படியிருக்க, ரயிலிலிருந்தோ பஸ்ஸிலிருந்தோ இறங்கி அவசர அவசரமாக வந்தவர் முதற் கழுவுதலைப் பெயரளவில் முடித்துவிட்டால் என்ன ஆகும்? கம்பியில் இருந்தது கைக்கு வந்தது போல, கையில் இருப்பது வாய்க்கும் மூக்குக்கும் போய்ச் சேரும். ஸ்டஃபிலோகாக்கஸ் குடியிருக்க விரும்பும் இடமே மூக்குத்தான் என்பதை மேலே பார்த்தோம்.

ஆகவே பயணத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் சோப்புப் போட்டு, விரல் இடுக்குகளையும் கட்டைவிரலையும் நக ஓரங்களையும் தேய்த்துக் கழுவிக்கொண்டு, பிறகு ஒளுவைத் தொடங்குவது நல்லது. சோப்புப் போட்டுத் தேய்ப்பது 20 வினாடிக்குக் குறையாமல் இருக்கட்டும். பள்ளிவாசல் நிர்வாகிகள் குழாயடியிலும் ஹவுளுக்கு அருகிலும் சோப்பு வைக்க ஏற்பாடு செய்தால், மிகச் சிறிய செலவில் செய்த பெரிய உபகாரமாகும். வெளியூர்ப் பயணிகள் வந்து போகும் ரயில் நிலையம், பஸ் நிலையம் ஆகியவற்றின் அருகில் உள்ள பள்ளிவாசல்களுக்கு இது இன்னும் அவசியம்.

கழுவ வசதி கிடைக்கும் வரை முகத்தில் கை வைக்காமல் இருப்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்களைக் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் சராசரியாக மணிக்கு 23 முறை தம் முகத்தைத் தொடுகிறார் என்று கண்டார்கள். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான தடவைகள் கண், மூக்கு, வாய் ஆகியவற்றைத் தொட்டவை. மருத்துவம் படிப்பவர்களின் நிலையே இது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ரயிலில் கம்பியைப் பிடித்த கையோடு பொட்டலத்தைப் பிரித்துத் தின்பதையும், குழந்தைக்கு ஊட்டுவதையும் தவிர்க்க வேண்டும்.

இரண்டாம் கடமை: மருந்தை மதித்தல்

இப்போது விளைநிலத்துக்கு வருவோம். பண்ணையும் தொழிற்சாலையும் அரசாங்கங்களின் பொறுப்பு. கொலிஸ்டின் என்னும் கடைசிக் கட்ட மருந்தைக் கால்நடை, கோழி முதலியவற்றுக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019இல் தடை செய்தது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆண்டிபயாடிக் கலப்பதைச் சீன அரசு 2020இல் நிறுத்தியது. மருந்துக்கடை விஷயத்திலும் சட்டம் உண்டு. முக்கியமான பல ஆண்டிபயாடிக் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் நோயாளியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. அந்த விதிக்கு முன்னோடியாக, 2012இல் சென்னையில் கூடிய மருத்துவர்கள் ஒரு செயல்திட்டத்தை வகுத்தார்கள். சென்னைப் பிரகடனம் என்று அதற்குப் பெயர்.

சட்டம் கடைக்காரருக்குச் சொல்கிறது. வாங்குகிற நமக்கு யார் சொல்வது? சளி பிடித்தது, தொண்டை கரகரக்கிறது என்றால் மருந்துக்கடைக்குப் போய், "போன தடவை கொடுத்தீர்களே, அதே மாத்திரையில் நாலு கொடுங்கள்" என்று கேட்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதா, இல்லையா? இரண்டு மாத்திரை சாப்பிட்டதும் காய்ச்சல் தணிந்துவிட்டால் மீதி இரண்டை அலமாரியில் வைத்து, அடுத்த மாதம் அண்டை வீட்டாருக்குக் காய்ச்சல் என்றதும் அன்போடு எடுத்துக் கொடுக்கிறோமா, இல்லையா? பிளெமிங் சொன்ன கதை 1945ஆம் ஆண்டோடு முடிந்துவிடவில்லை.

சாதாரணச் சளியும், ஃப்ளூ காய்ச்சலும் வைரஸால் வருபவை. ஆண்டிபயாடிக் மருந்துக்கும் வைரஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்போது அதைச் சாப்பிட்டால் சளி குணமாவதில்லை; குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள்தாம் மடிகின்றன. அடங்காதவை தப்பிப் பெருகுகின்றன. அவை நம் கை வழியே கம்பிக்குப் போகின்றன.

இதனால் யாருக்கு நஷ்டம்? கம்பியைப் பிடித்த திடகாத்திரமான வாலிபருக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் அவர் வீட்டில் பிறந்து பத்து நாளான குழந்தை இருக்கலாம். சர்க்கரை நோயால் காலில் புண் உள்ள தந்தை இருக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் சகோதரி இருக்கலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேரடிக் காரணமாக 2019இல் உலகம் முழுதும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பச்சிளங் குழந்தைகள் இத்தகைய கிருமிகளால் மடிவதாக 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. மருந்தே சாப்பிட்டறியாத அந்தக் குழந்தைகள் என்ன பிழை செய்தன?

ஆகவே மருந்து விஷயம் ஒருவருடைய சொந்த விஷயம் மட்டுமல்ல. அடுத்தவருடைய உரிமை அதில் கலந்திருக்கிறது. பொதுவழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதை நன்மையாகக் கருதுகிற நாம், பொதுவழியில் முள்ளைப் போடாமல் இருப்பதையும் கடமையாகக் கருத வேண்டாமா?

சில சந்தேகங்களும் விளக்கங்களும்

கையுறை மாட்டிக்கொண்டு பயணம் செய்யலாமா? 

தேவையில்லை. கையுறையிலும் கிருமி ஒட்டும். அதே கையுறையால் முகத்தைத் தொட்டால் பலன் ஒன்றே. மேலும் கையுறை போட்டவர் கை கழுவுவதை மறந்துவிடுகிறார்.

கிருமிநாசினி கலந்தது என்று விளம்பரம் செய்யும் சோப்புத்தான் வேண்டுமா? 

வேண்டியதில்லை. சாதாரண சோப்பைவிட அவை அதிகப் பலன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, டிரைக்ளோசான் உட்பட 19 ரசாயனங்களைக் கை சோப்புகளில் சேர்க்க அமெரிக்க அரசு 2016இல் தடை விதித்தது.

தண்ணீர் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? 

60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் கலந்த சானிடைசர் உதவும். ஆனால் அது கையில் படிந்த அழுக்கைப் போக்காது. தண்ணீர் கிடைத்ததும் கழுவிக்கொள்ள வேண்டும்.

ஆண்டிபயாடிக் மருந்து என்று எப்படித் தெரிந்துகொள்வது? 

இந்தியாவில் மாத்திரை அட்டையின் பின்புறம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. அந்தக் கோட்டைப் பார்த்து வாங்குங்கள் என்று மத்திய அரசு 2016 முதல் பிரசாரம் செய்து வருகிறது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடமே, "இது ஆண்டிபயாடிக்கா? இந்த நோய்க்கு இது அவசியந்தானா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பதில் குற்றமில்லை.

அப்படியானால் ஆண்டிபயாடிக் மருந்தே சாப்பிடக் கூடாதா? 

அவ்வாறு பொருளல்ல. தேவைப்படும்போது அது உயிர் காக்கும் மருந்து. டாக்டர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன வேளையில், சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். குறைப்பதும் கூட்டுவதும் நடுவில் நிறுத்துவதும் அவரைக் கேட்டே செய்ய வேண்டும். மீதியைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது.

நினைவில் வைக்க வேண்டியவை

கம்பியில் கிருமி இருப்பது இயல்பு; அதைக் கண்டு பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. தடுமாறி விழுவதைவிடக் கம்பியைப் பிடிப்பதே மேல். மருந்துக்கு அடங்காத கிருமியும் சோப்புக்கும் தண்ணீருக்கும் நீங்கிவிடும். அது பிறப்பது கம்பியில் அல்ல. தவறாகப் பயன்படுத்திய மருந்தில். ஆகவே வீட்டுக்குள் நுழைந்ததும் கை கழுவுங்கள்; அதன் பிறகே குழந்தையைத் தூக்குங்கள். இன்றே அலமாரியைத் திறந்து பழைய மாத்திரைகளைப் பாருங்கள். சிவப்புக் கோடு போட்ட மீதி மாத்திரை ஏதேனும் இருந்தால், அதை நாளைக்கு ஆகும் என்று வைக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். தெரிந்த மருந்துக்கடைக்காரரையோ டாக்டரையோ கேட்டு அப்புறப்படுத்திவிடுங்கள். அடுத்த முறை சளி பிடிக்கும்போது கடைக்குப் போகுமுன் இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். மூச்சுத் திணறலோ, தணியாத காய்ச்சலோ இருந்தால் பொறுக்காமல் டாக்டரிடம் போங்கள்.

இவற்றை நம் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்வோம். நாம் பிடித்துவிட்டு இறங்கும் கம்பியை அடுத்த நிலையத்தில் பிடிக்கப் போகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் அவருக்கு நம்மிடம் ஓர் உரிமை இருக்கிறது.